வலை இழுப்பது உடற்பயிற்சி ஆகுமா?

"கடல் வேலைக்குப் போறவனுக்கு எக்சர்சைஸ் எதுக்கு?" பாம்பன், மண்டபம், தொண்டி என்று ராமநாதபுரம் கரையோரம் எங்கே போய் உடற்பயிற்சி பற்றிப் பேச்செடுத்தாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். நியாயமான கேள்விதான். நாட்டுப்படகில் போய் விடிய விடிய வலை இழுக்கிறவருக்கு முன்கையும் முதுகும் இரும்பாகத்தான் இருக்கும். ஆனால் அதே ஆள் நாலு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறார், குத்தவைத்து உட்கார்ந்தால் முழங்கால் பிடித்துக்கொள்கிறது, நாற்பது வயதில் பிரஷர் மாத்திரை போடுகிறார்.

காரணம் இருக்கிறது. வேலை உடம்பின் சில பாகங்களை மட்டும், ஒரே திசையில், மறுபடி மறுபடி இழுக்கிறது. வலை இழுக்கும்போது முதுகு வளைகிறது, தோள் முன்னால் வருகிறது. கரைக்கு வந்ததும் வலை பின்னவும் ஓட்டை அடைக்கவும் மணிக்கணக்கில் அதே குனிவில் உட்கார்கிறோம். விசைப்படகில் வலையை வின்ச் இயந்திரம் இழுத்துவிடுகிறது. ஆளுக்கு மிச்சம் இருப்பது மீன் பிரிப்பதும், பெட்டி தூக்குவதும், தூக்கம் கெடுவதும். இதயத்தை அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓடவிடும் வேலை இதில் எதுவும் இல்லை. உடற்பயிற்சி என்றால் மூன்று காரியம் நடக்க வேண்டும்: நீண்ட மூச்சு, மூட்டு முழு அளவுக்கு மடங்கி நீள்வது, சுமை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுவது. வேலை இந்த மூன்றையும் சேர்த்துத் தருவதில்லை. கடைக்காரருக்கும், வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பி வீட்டோடு இருப்பவருக்கும் அந்த ஒன்றிரண்டுகூடக் கிடைப்பதில்லை.

எவ்வளவு வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கு: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சி. மிதமான உழைப்பு என்றால் நடக்கும்போது பேச முடியும், பாட முடியாது. பாட முடிந்தால் வேகம் போதாது. இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியாவிட்டால் வேகம் அதிகம். கைக்கடிகாரம், ஆப் எதுவும் தேவையில்லை.

நடக்க நமக்கு மணல் இருக்கிறது. அரியமான் மாதிரி அலை குறைந்த கரை கையருகே இருக்கும்போது காசு கொடுத்து டிரெட்மில் தேட வேண்டியதில்லை. ஆனால் மணலில் நடப்பதற்கு முறை இருக்கிறது. காலை இழுக்கும் உதிரி மணலில் நடந்தால், கெட்டித் தரையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி செலவாகிறது. அதனால் முதல் நாளே அதில் ஒரு மணி நேரம் நடந்தவருக்கு மறுநாள் கெண்டைக்கால் கல்லாகிவிடும். குதிகால் தசைநாணும் உள்ளங்காலும் வீங்கிப் பல வாரம் படுத்தும். முதல் இரண்டு வாரம் அலை நனைத்துவிட்டுப் போன இறுகிய ஈரமணலில் மட்டும் 20 நிமிடம் நடங்கள். மூன்றாவது வாரத்தில் உதிரி மணலில் 5 நிமிடம் சேருங்கள். பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டினால் போதும்.

பலர் கவனிக்காத ஒன்று: கரை கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே திசையில் போய்விட்டு ரோட்டு வழியாக வீடு திரும்பினால், கடல்பக்கக் கால் முழு நேரமும் பள்ளத்தில் மிதிக்கிறது. இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து, முழங்காலின் வெளிப்பக்கம் வலிக்கத் தொடங்கும். போன வழியே திரும்பி வாருங்கள். இரண்டு காலுக்கும் கணக்கு சரியாகும். சுகர் உள்ளவர்கள் வெறுங்காலோடு மணலில் இறங்கவே கூடாது. கிளிஞ்சல், தூண்டில் முள், உடைந்த பாட்டில் எது கிழித்தாலும் உணர்ச்சி குறைந்த பாதத்துக்குத் தெரியாது, புண் ஆறவும் ஆறாது. பின்பக்கம் வார் உள்ள செருப்போ கேன்வாஸ் ஷூவோ போட்டு நடங்கள். வீடு வந்ததும் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

நேரமும் முக்கியம். நம் ஊரில் வெயிலைவிடப் புழுக்கம் கெட்டது. காற்றில் ஈரம் கூடினால் வியர்வை ஆவியாகாது, ஆவியாகாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. சித்திரை, வைகாசியில் காலை ஆறரைக்குள் நடையை முடித்துவிடுவது நல்லது. வெளியூரிலிருந்து திரும்பியவருக்கு இந்தச் சூடு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும்; அதுவரை பாதி வேகம் போதும். ரெயின்கோட்டையும் பிளாஸ்டிக் சட்டையையும் மாட்டிக்கொண்டு வியர்வை வடிய நடக்கிற வேலையை விட்டுவிடுங்கள். அதில் குறையும் எடை வெறும் தண்ணீர். இரண்டு சொம்பு குடித்தால் திரும்பி வந்துவிடும். நடுவில் மயங்கி விழும் ஆபத்தும் இருக்கிறது.

இனி வலுவுக்கு. சிலம்பக் கூடத்தில் பெரியவர்கள் போட்ட தண்டாலும் பஸ்கியும் இன்றைக்கும் போதும். கெடுவதெல்லாம் எண்ணிக்கையைப் பார்த்துச் செய்வதால்தான்.

பஸ்கிக்குப் பின்னால் ஒரு திண்ணையோ ஸ்டூலோ இருக்கட்டும். கால் தோள் அகலம், விரல் நுனி லேசாக வெளிப்பக்கம். இடுப்பைப் பின்னால் தள்ளி, மூன்று எண்ணும் நேரம் எடுத்து இறங்குங்கள். திண்ணையில் பின்பக்கம் பட்டும் படாமலும் தொட்டதும் எழுங்கள். இறங்கும்போது முழங்கால் இரண்டும் உள்பக்கம் சாய்கிறதா பாருங்கள். முழங்கால் வலிக்குது என்று வருபவர்களில் நிறையப் பேருக்கு இது இருக்கும். பாதத்தின் இரண்டாவது விரல் போகும் திசையிலேயே முழங்காலும் போக வேண்டும். குதிகால் தூக்கினால் கணுக்கால் இறுகியிருக்கிறது என்று அர்த்தம். குதிகாலடியில் மெல்லிய பலகை ஒன்றை வைத்துச் செய்து, தினமும் சுவரைப் பிடித்துக் கெண்டைக்காலை நீட்டி வந்தால் சில வாரத்தில் பலகை தேவைப்படாது. 8 முதல் 10 தடவை, ஒன்றரை நிமிடம் ஓய்வு. இப்படி மூன்று சுற்று. மூன்று சுற்றிலும் 12 சுலபமாக வந்ததும் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். 5 லிட்டர் தண்ணீர் கேனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மறுபடி எட்டிலிருந்து தொடங்குங்கள். நூறு பஸ்கி போடுவதைவிடச் சுமையோடு பத்து போடுவதில்தான் தசை வளர்கிறது.

தண்டாலைத் தரையில் தொடங்க வேண்டியதில்லை. முதலில் சுவர், பிறகு திண்ணை அல்லது கரையேற்றிய படகின் விளிம்பு, கடைசியில் தரை. முழங்கை உடம்பிலிருந்து பாதிச் சாய்வில் இருக்கட்டும். சிலுவை மாதிரி விரித்தால் தோள்மூட்டு போய்விடும். வயிறு தொங்கத் தொடங்கும் இடத்தில் அந்தச் சுற்று முடிந்தது, எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் சரி. வலை இழுக்காதவர்கள் இழுக்கும் பயிற்சி ஒன்றும் சேர்க்க வேண்டும். பழைய நைலான் கயிறைத் தென்னை மரத்தில் நெஞ்சு உயரத்தில் கட்டி, இரண்டு முனையையும் பிடித்து உடம்பை நேராகப் பின்னால் சாய்த்து, முழங்கையை விலாவோடு இழுத்து நெஞ்சைக் கைக்குக் கொண்டுவாருங்கள். காலை மரத்தின் பக்கம் நகர்த்த நகர்த்தக் கடினமாகும்.

முதுகுக்கு வருகிறேன், நம் பக்கம் அதிகம் போவது அதுதான். ஐஸ் பெட்டி, மீன் கூடை, தண்ணீர்க் குடம் எல்லாவற்றையும் முதுகை வளைத்துத் தூக்குகிறோம். ஒரு கம்பை முதுகோடு நீளவாக்கில் பிடித்துப் பழகுங்கள். பின்தலை, தோள்பட்டைகளுக்கு நடுவே, வால் எலும்பு ஆகிய மூன்று இடமும் கம்பில் பட வேண்டும். முழங்காலை லேசாக மடித்து, இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனியுங்கள். மூன்றில் ஒரு இடம் விலகினால் முதுகு வளைந்துவிட்டது. அவ்வளவு ஆழம் இப்போதைக்கு வேண்டாம். இது கைவந்த பிறகு பெட்டியைத் தொடும் முன் அதைக் காலோடு ஒட்டி இழுத்துக்கொள்ளுங்கள், தூக்கிக்கொண்டே இடுப்பைத் திருகாதீர்கள், பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள். குடத்தை எப்போதும் ஒரே இடுப்பில் சுமக்கும் பெண்களுக்கு முதுகெலும்பு ஒரு பக்கம் இழுபடுகிறது. 15 லிட்டர் குடம் என்றால் தண்ணீர் மட்டுமே 15 கிலோ. அதே எடையை இரண்டு கேன்களாகப் பிரித்து, இரண்டு கையிலும் தொங்கவிட்டு நிமிர்ந்து நடந்தால் சுமப்பதே நல்ல பயிற்சியாகிவிடும். ஒரு குடம்தான் வழி என்றால் நடைக்கு நடை இடுப்பை மாற்றுங்கள்.

வலை பின்னுகிறவர்கள் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, வாசல் நிலையில் இரண்டு முன்கையையும் ஊன்றி நெஞ்சை முன்னால் தள்ளி 30 விநாடி நில்லுங்கள். குப்புறப் படுத்து, கையூன்றி நெஞ்சை மெல்லத் தூக்குவது பத்து தடவை. இவ்வளவு செய்தாலே பின்கழுத்து வலி குறையும்.

பயிற்சி தொடங்கியவருக்கு ஒன்று முதல் மூன்று நாள் வரை சதை வலி இருக்கும், அது போய்விடும். மூட்டுக்குள் குத்தும் வலி, வீக்கம் என்றால் நிறுத்த வேண்டும். நெஞ்சு இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை என்றால் வாய்வு என்று சோடா குடித்து உட்கார வேண்டாம், உடனே 108. நாற்பது தாண்டியவரும், சுகர், பிரஷர் உள்ளவரும் தொடங்கும் முன் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

சாப்பாட்டுக்கு வருவோம். புரதத்துக்கு நம் கரையில் பஞ்சமில்லை. பெரியவருக்கு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாள் ஒன்றுக்குப் போதும் என்பது நம் நாட்டுக் கணக்கு. 65 கிலோ ஆளுக்கு 54 கிராம். வலுப்பயிற்சி செய்கிறவர் 1.2 கிராம் வரை போகலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் டாக்டரைக் கேட்காமல் கூட்டக் கூடாது. மீன் சதை 100 கிராமில் 18 முதல் 20 கிராம் புரதம் இருக்கிறது. மதியம் 150 கிராம் மீன் சாப்பிட்டால் பாதிக் கணக்கு முடிந்தது. மீதியைச் சோறும் பருப்பும் முட்டையும் தந்துவிடும். விலை கூடிய மீன்தான் சத்து என்பதும் இல்லை. சாளையில் நல்ல கொழுப்பு அதிகம், முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியில் கால்சியம் அதிகம்.

கெடுவது மூன்று இடத்தில். முதலாவது, மீன் குழம்பு வைக்கிற நாளில் பொரியலும் கூட்டும் கிடையாது என்ற வழக்கம். சோறு மலையாகக் குவிகிறது, காய் இல்லை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் சொன்ன தட்டில் ஒரு நாளைக்குக் காய்கறி, கீரை 400 கிராம், பழம் 100 கிராம். அரிசி முதலான தானியம் சமைக்காத எடையில் 250 கிராம். நம் வீடுகளில் இது தலைகீழ். கொல்லையில் நிற்கும் முருங்கையே போதும். மீன் நாளிலும் ஒரு கைப்பிடி கீரையை வதக்கி வையுங்கள். அரிசிக்குப் பதில் குதிரைவாலி நல்லதுதான், நார்ச்சத்து உண்டு, நம் மாவட்டத்திலேயே விளைகிறது. ஆனால் மாவுச்சத்து அதிலும் ஏறக்குறைய அரிசியளவுக்கு இருக்கிறது. குதிரைவாலிதானே என்று இரண்டு தட்டு சாப்பிட்டால் சுகர் ஏறத்தான் செய்யும்.

இரண்டாவது உப்பு. நாளைக்கு 5 கிராம், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன், அதுதான் மொத்த அளவு. நன்றாக உப்பேற்றிய கருவாட்டில் 100 கிராமுக்கு 10 கிராமுக்கு மேலேயே உப்பு இருக்கும். விடச் சொல்லவில்லை. சுடுதண்ணீரில் அரை மணி ஊறவைத்து, தண்ணீரை இரண்டு தடவை மாற்றி, குழம்பில் தனியாக உப்புப் போடாமல் வைக்கலாம், வாரத்துக்கு ஒருநாள். பிரஷர் உள்ளவர் அதையும் தவிர்க்க வேண்டும்.

மூன்றாவது எண்ணெய். மீனை முக்கிப் பொரிக்காமல் தோசைக்கல்லில் இரண்டு டீஸ்பூன் எண்ணெயில் புரட்டி எடுங்கள். நாலு பேர் வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர் போதும். கேன் எத்தனை நாளில் தீர்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். பதநீர் இயற்கைதான், ஆனாலும் ஒரு டம்ளரில் நாலைந்து டீஸ்பூன் சர்க்கரை இருக்கிறது. கருப்பட்டியும் சர்க்கரைதான். சுகர் உள்ளவருக்கு நுங்கு இவற்றைவிடப் பரவாயில்லை.

கடலில் வெயிலில் நின்று கால் குரக்களி (சதைப்பிடிப்பு) இழுக்கிறவர்கள் வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிக்க வேண்டாம். நீராகாரத்தில் ஒரு சிட்டிகை உப்பு நல்ல பானம். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் ஓஆர்எஸ் பாக்கெட். அது இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு இதற்கு மேல் கூடக் கூடாது.

கீழக்கரை, தொண்டிப் பக்கம் நோன்பு மாதத்தில் பயிற்சியை அடியோடு விடுகிறவர்கள் அதிகம். விட வேண்டாம். நோன்பு திறப்பதற்கு அரை மணி முன் மெதுவான நடை. பஸ்கி, தண்டால் எல்லாம் நோன்பு திறந்து ஒன்றரை மணி நேரம் கழித்து, பாதி அளவில். கஞ்சியோடு சமோசா, வடை என்று போகாமல் முட்டை, பயறு, பழம் வைத்தால் ஒரு மாதத்தில் எடை கூடாது.

விசைப்படகு ஆட்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். இந்த இரண்டு மாதத்தில்தான் வயிறு போடுகிறது: உழைப்பு நின்றுவிடுகிறது, பசி மட்டும் பழைய கணக்கிலேயே இருக்கிறது. வேளைக்கு ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து, மீனையோ பருப்பையோ குறைக்காமல் விடுங்கள். நாட்டுப்படகு மீன் அப்போதும் கிடைக்கும். விலை கூடினால் முட்டை, தட்டைப்பயறு, கடலை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிட நடை சுகர் ஏறுவதைக் கட்டுப்படுத்தும். தொப்புளைச் சுற்றி டேப் வைத்து வாரம் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 தாண்டக் கூடாது.

தடைக்காலத்தின் எட்டு வாரத்துக்குத் திட்டம் இது: முதல் இரண்டு வாரம் 20 நிமிட நடை ஐந்து நாள், வலுப்பயிற்சி இரண்டு நாள். அடுத்த நாலு வாரம் நடை 30 முதல் 40 நிமிடம், வலுப்பயிற்சி மூன்று நாள். கடைசி இரண்டு வாரத்தில் கயிறு இழுப்பதும் கம்பு வைத்துக் குனிந்து தூக்குவதும் சேரட்டும். வேலைக்குத் தேவை அதுதான். ஜூன் 10க்கு மேல் எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்துவிடுங்கள். சதை வலியோடு முதல் தங்கலுக்கு, அதாவது கடலில் தங்கி மீன்பிடிக்க, போனால் ஆடுகிற தளத்தில் கால் தடுமாறும்.