தீபாவளி, செப்பாங், 30 கோடி வெள்ளி

கிள்ளானில் அக்கா வீட்டில் விடிகாலை நாலரைக்கே எழுப்பிவிட்டார்கள். 2023 நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. என் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே பக்கத்து மணையில் உட்கார்ந்திருந்த மகனைத் திட்டிக்கொண்டிருந்தாள் அக்கா. "வருஷத்துல ஒரு நாள்தான் தீபாவளி. வீட்டுக்கு ஆளுங்க வர்ற நேரத்துல இவனுக்கு மோட்டர் ஓட்டம் கேக்குது. ஊர்லேர்ந்து வந்த மாமாவையும் சேத்துல்ல இழுக்கிறான்!"

அவள் திட்டுவதில் நியாயம் இருந்தது. மலேசியாவில் தீபாவளி என்றால் திறந்த இல்ல உபசரிப்பு. காலையில் சொந்தக்காரர்கள், மதியத்துக்கு மேல் மலாய், சீன நண்பர்கள் என்று வாசலில் செருப்பு குவிந்துகொண்டே இருக்கும். பெரிய அண்டாவில் கோழி ரெண்டாங் தயாராக இருந்தது. ஆனால் மோட்டோ ஜிபி என்கிற உலக பைக் பந்தயத்துக்கு அட்டவணை போட்டவர்களுக்கு ஐப்பசி அமாவாசையைப் பற்றி என்ன தெரியும்? கோலாலம்பூர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் செப்பாங்கில் நடக்கும் பந்தயத்தின் ஞாயிற்றுக்கிழமை அந்த வருஷம் சரியாகத் தீபாவளியில் வந்து விழுந்திருந்தது. மருமகன் டிக்கெட் எடுத்து மூன்று மாதம் ஆகிவிட்டது. சரி, பத்து மணி வரை வீட்டில் இருப்பது, அப்புறம் கிளம்புவது என்று உடன்பாடு ஆனது.

அவனுடைய வண்டி யமஹா ஒய் 15. பின்னால் நான், மடியில் முறுக்கு டப்பா. மலேசிய நெடுஞ்சாலைகளில் பைக்குக்குச் சுங்கம் கிடையாது. டோல் கேட்டுக்கு இடது ஓரமாக ஒரு குறுகலான சந்து விட்டிருக்கிறார்கள். கார்கள் வரிசையில் நிற்க, பைக்குகள் அந்தச் சந்தில் சர்சர்ரென்று புகுந்து போகின்றன. அன்றைக்கு அந்தச் சந்திலேயே நெரிசல். பெரிய பைக்குகளும் உண்டு என்றாலும் முக்கால்வாசி 'கப்சாய்'தான். வேலைக்குப் போக, பிள்ளையைப் பள்ளியில் விட, சாப்பாடு டெலிவரி செய்ய என்று நாடே ஓட்டுகிற சின்ன வண்டி. இந்தச் சந்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விமான நிலையம் நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் செம்பனை. தலைக்கு வகிடெடுத்த மாதிரி வரிசை வரிசையாக. முதல் நாள் அத்தான் சொன்னது ஞாபகம் வந்தது. அவருடைய அப்பா பிறந்தது பிராங் புசார் தோட்டத்தில். அந்தத் தோட்டம் இருந்த இடம்தான் இன்றைய புத்ராஜெயா. "தோட்டம் போச்சு, தலைநகரம் வந்துச்சு. எங்களுக்கு அடுக்குமாடி வீடு வந்துச்சு" என்று சிரித்தபடிதான் சொன்னார். கோலாலம்பூர் புதிய விமான நிலையம் 1998இல் திறந்தது. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் கட்டி முடிந்ததும் அதே காலத்தில்தான். 1999 மார்ச்சில் பிரதமர் மகாதீர் செப்பாங் ஓடுதளத்தைத் திறந்துவைத்தார். ஆசிய நிதி நெருக்கடியில் நாட்டின் நாணயம் அடிவாங்கிப் படுத்திருந்த நேரம். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உலகத்துக்குச் சொல்ல அந்த ஆளுக்கு ஏதாவது பெரிதாக வேண்டியிருந்தது என்பது என் கணிப்பு.

வடிவமைத்தவர் ஜெர்மனியின் ஹெர்மன் டில்கே. நீளம் 5.543 கிலோமீட்டர், 15 வளைவு. முதன்மைப் பார்வை மாடம் இரண்டு நேர்ச்சாலைகளுக்கு நடுவில் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கிறது. ஒரு பக்கம் கடைசிக்கு முந்தைய நேர்ச்சாலை, மறுபக்கம் தொடக்கக் கோடு. கூரைகள் தண்டில் விரிந்த பெரிய இலைகள் மாதிரி. அக்கா வீட்டு வாழையிலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்த எனக்கு அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. நாங்கள் மாடத்தில் உட்காரவில்லை. முதல் வளைவுப் பக்கம், மேட்டில் இடம். பக்கத்தில் ஜொகூரிலிருந்து வந்த ஒரு மலாய்க் குடும்பம், பாட்டி முதல் கைக்குழந்தை வரை. முறுக்கு டப்பாவைத் திறந்ததும் 'செலாமத் டீபாவளி' சொல்லி ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொண்டார்கள். பதிலுக்கு நாசி லெமாக் பொட்டலம் வந்தது.

இதே ஓடுதளத்தில் கார்களும் ஓடின. முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் 1999 அக்டோபர் 17இல்; எடி இர்வைன் ஜெயித்தார். கடைசிப் பந்தயம் 2017 அக்டோபர் 1. ஜெயித்த வெர்ஸ்டாப்பனுக்கு முந்தின நாள்தான் 20 வயது நிறைந்திருந்தது. மொத்தம் 19 பந்தயங்கள். ஒப்பந்தம் 2018 வரை இருந்தும் ஒரு வருஷம் முன்னாடியே போதும் என்று மலேசியா சொல்லிவிட்டது. சுற்றுலா அமைச்சர் நஸ்ரி அசிஸ் சொன்ன கணக்கு, வருஷத்துக்கு 30 கோடி ரிங்கிட் செலவு. அந்த நாள் மதிப்பில் நம் ரூபாய்க்கு 440 கோடிக்குப் பக்கம். இங்கே தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்கிறார்கள். "30 கோடி வெள்ளி" என்று அத்தான் சொன்னபோது புதையல் கதை கேட்பது போலவே இருந்தது.

இந்த 30 கோடி எங்கே போகும் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரிவதில்லை. எனக்கும் ரொம்ப நாள் புரியவில்லை. ஊர்த் திருவிழாவுக்கு நாடகக் கம்பெனியைக் கூப்பிடுவதை வைத்துச் சொல்கிறேன். ஃபார்முலா ஒன்னை நடத்துபவர்கள்தான் கம்பெனி, மலேசியாதான் ஊர். கம்பெனிக்குப் பேசிய தொகையை ஊர் கொடுக்க வேண்டும். மேடை, பந்தல், பந்தோபஸ்து எல்லாம் ஊர்ச் செலவு. சரி, இது வழக்கம்தானே? ஆனால் மேடையைச் சுற்றிக் கட்டுகிற ஜவுளிக்கடை பேனருக்கு வரும் காசு கம்பெனிக்கு. நாடகத்தை டிவியில் காட்டினால் அதுவும் கம்பெனிக்கு. முன்வரிசை சோபாவில் பணக்காரர்களை உட்காரவைத்து விருந்து போட்டால் அந்த வசூலும் பெரும்பாலும் கம்பெனிக்கு. ஊருக்கு மிஞ்சுவது டிக்கெட் கவுண்டர் ஒன்றுதான். போதாததற்கு அடுத்த வருஷம் தொகை கூடும், அதற்கடுத்த வருஷம் இன்னும் கூடும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும்.

இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் ஓடுதளத்தில் அந்த வருஷ உயர்வு 5 சதவீதம். 2010இல் 1 கோடியே 15 லட்சம் பவுண்டு என்று தொடங்கியது, 2017இல் 1 கோடியே 62 லட்சம் ஆகிவிட்டது; 2026க்குள் 2 கோடியே 50 லட்சத்தைத் தொடும் என்று கணக்குப் போட்டு 2017 ஜூலையில் அவர்களும் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்கிறோம் என்று அறிவித்தார்கள். பந்தய நாளில் கூட்டம் பிதுங்குகிற இடம் அது, அங்கேயே அந்தக் கதி. பிறகு பேசிப் பழுது பார்த்துக்கொண்டார்கள். கையைக் கடித்தாலும் விட மாட்டோம் என்கிற ஊர்களும் உண்டு: பஹ்ரைன், அபுதாபி, அஜர்பைஜான். அங்கெல்லாம் டிக்கெட் விற்றுத் தொகையை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. நாட்டின் பெயர் டிவியில் வந்தால் போதும், கஜானாவிலிருந்து வந்துவிடும்.

மலேசியாவும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தது. 1999இல் ஆசியாவில் ஜப்பானை விட்டால் வேறு யாரிடமும் இந்தப் பந்தயம் இல்லை. ஆனால் 2004இல் பஹ்ரைனும் ஷாங்காயும் வந்தன, 2008இல் சிங்கப்பூர், 2009இல் அபுதாபி, 2010இல் கொரியா, 2011இல் நம் கிரேட்டர் நொய்டா. முதலில் வந்தவனுக்கு இருந்த மவுசு போய், கூட்டத்தில் ஒருவன் ஆகிவிட்டது செப்பாங். நொய்டாவின் கதை வேறு. அங்கே பணம் போட்டது அரசு அல்ல, தனியார் கட்டுமானக் கம்பெனி; ஏறக்குறைய 2,000 கோடி ரூபாய். உத்தரப் பிரதேசத்தில் இது விளையாட்டா கேளிக்கையா என்ற வரித் தகராறு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. மூன்றே வருஷம், மூன்றிலும் வெட்டல் ஜெயித்தார், அவ்வளவுதான்.

மேட்டில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தேன். செப்பாங்கில் எல்லோரும் பார்ப்பது அதைத்தான். அத்தான் 2009 பந்தயத்துக்கு வந்தவர். அதற்கு முந்தைய வருஷம் வரை மதியம் மூன்று மணிக்குத் தொடங்கிய பந்தயத்தை அந்த வருஷம் ஐந்துக்குத் தள்ளினார்கள். ஐரோப்பாவில் மக்கள் தூங்கி எழுந்து டிவி முன்னால் உட்கார வேண்டுமே! 56 சுற்றில் 33ஆவது சுற்று ஓடும்போது வானம் பொத்துக்கொண்டது. சிவப்புக் கொடி. காரிலேயே குடை பிடித்தபடி காத்திருந்தார்கள். மழை ஓய்வதற்குள் இருட்டிவிட்டது. விளக்கு கிடையாது, திரும்ப ஓட முடியவில்லை. ஜென்சன் பட்டன் ஜெயித்ததாக அறிவித்து எல்லோருக்கும் பாதிப் புள்ளி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். "நம்ம ஊரு மழைக்கு டைம் தெரியும் தம்பி. அவங்களுக்குத்தான் தெரியல" என்றார் அத்தான். ஓட்டத்தை நடத்த 30 கோடி கொடுப்பவர் கையில் கடிகார முள் இல்லை என்பதை நான் அந்தக் கதையிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

சரி, கார் போனது. பைக் ஏன் போகவில்லை? பணம் ஒரு காரணம். மோட்டோ ஜிபியை அப்போது நடத்திய ஸ்பெயின் நாட்டு டோர்னா கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய தொகை கார்களுக்கானதைவிட மிகக் குறைவு. ஆனால் எனக்குப் பதில் கிடைத்தது வண்டி நிறுத்துமிடத்தில். தலைக்கவசம் தொங்கும் கப்சாய்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. ஃபார்முலா ஒன்னில் மலேசியாவிலிருந்து ஓட்டியவர் அலெக்ஸ் யூங் ஒருவர்தான், அதுவும் 2001-02இல் சில பந்தயங்கள். பைக்கில் கைருல் இடாம் பாவி 2016இல் மோட்டோ 3 பந்தயமே ஜெயித்தார். ஹாஃபிஸ் ஷாஹ்ரின் 2018இல் மேல் பிரிவுக்கே போனார். ஃபெராரியை இங்கே யாரும் ஓட்டப் போவதில்லை. ஆனால் மேட்டில் இருந்த ஒவ்வொருவரும் ஏதோ ஒரு யமஹாவில், ஹோண்டாவில் டோல் சந்து வழியாகத்தான் வந்திருந்தார்கள். வளைவில் முழங்கால் தரையைத் தொடும்போது மேட்டில் இருந்த பையன்கள் எல்லோருடைய தோளும் கூடவே சாய்வதைப் பார்த்தேன். என் மருமகனின் தோளும்.

பந்தயத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூன்றாம் இடத்திலிருந்து கிளம்பிய பாஸ்டியானினி எங்கள் கண்ணெதிரே முதல் வளைவில் முன்னால் வந்தார், கடைசி வரை யாரும் அவரைத் தொடவில்லை. அலெக்ஸ் மார்க்வெஸ் இரண்டாவது, பன்யாயா மூன்றாவது. மழை வரவில்லை. எங்களுக்காக வீடு திரும்பும் வழியில் காத்திருந்தது. பாலத்துக்கு அடியில் நூறு பைக்குகளோடு முக்கால் மணி நேரம் நின்றோம். வீடு சேர்ந்தபோது விருந்தாளிகள் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். அக்கா பேசவில்லை. தட்டை மட்டும் வைத்தாள்.

புதன்கிழமை பஸ் பிடித்துச் சிங்கப்பூர் போனேன். மரினா பேயில் பந்தயம் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பாடாங் திடலைச் சுற்றி நடந்து, ஆண்டர்சன் பாலம் தாண்டினால் அதுதான் ஓடுதளம் என்று சொன்னால்தான் தெரியும். பஸ் ஓடுகிறது, அலுவலகம் விட்டவர்கள் சிக்னலுக்கு நிற்கிறார்கள். சிங்கப்பூர் ஃப்ளையர் என்கிற பெரிய ராட்டினத்துக்குப் பக்கத்தில், பந்தயக் கார்களுக்கு டயர் மாற்றிப் பழுது பார்க்கும் பிட் கட்டடம் மட்டும் நிரந்தரமாக நிற்கிறது. 2023இல் மிதவை மேடைப் பக்கம் வேறு கட்டுமானம் நடந்ததால் நான்கு வளைவுகளை எடுத்துவிட்டு நேராக்கி, 23 வளைவை 19 ஆக்கியிருந்தார்கள். நகரத்துக்கு வேலை இருந்தால் ஓடுதளம் ஒதுங்கிக்கொள்கிறது. காட்டுக்குள் நிற்கும் செப்பாங்கால் அது முடியாது.

பணத்தையும் இவர்கள் வேறு மாதிரி பிரித்திருக்கிறார்கள். நடத்துவது தனியார் கம்பெனி. செலவில் சுமார் 60 சதவீதம் அரசு தருகிறது. அந்த அரசு, 2008இல் தொடங்கியபோதே ஓட்டல்களைப் பிடித்துக்கொண்டது. பந்தய நாட்களின் அறை வருமானத்தில் ஓடுதளத்தை ஒட்டிய ஓட்டல்கள் 30 சதவீதம், மற்றவை 20 சதவீதம் தனி வரி கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். எவனுக்கு வியாபாரம் ஆகிறதோ அவன் பந்தலுக்குப் பங்கு போடட்டும் என்கிற கோயில் கமிட்டி புத்திதான். செப்பாங்குக்கு வந்தவர்கள் தங்கியதும் சாப்பிட்டதும் 50 கிலோமீட்டர் தள்ளிக் கோலாலம்பூரில். அங்கே யாரிடம் போய் ரசீது புத்தகத்தை நீட்டுவது?

ராத்திரியில் விளக்கு போட்டுப் பந்தயம் நடத்துவதும் அப்படித்தான். மரினா பேயில் ராத்திரி எட்டு மணி என்றால் ஐரோப்பாவுக்கு மதியச் சாப்பாட்டு நேரம். கடிகாரத் தகராறே இல்லை. விளக்குக்குப் பின்னால் தெரிகிற நகரம் முழுக்க விளம்பரம்.

பிட் கட்டடத்துக்கு வெளியே வேலி ஓரமாக உட்கார்ந்து இதையெல்லாம் நோட்டில் குறித்துக்கொண்டிருந்தபோது மருமகனிடமிருந்து வாட்ஸ்அப்.

"மாமா, அடுத்த வருஷம் தீபாவளி அக்டோபர் 31. செப்பாங் நவம்பர் 3. அம்மாகிட்ட காட்டிட்டேன், ஒண்ணும் சொல்லல. உங்களுக்கும் சேத்துப் போடவா?"

அக்காவிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று பதில் போட்டேன்.