வெள்ளவத்தை ஹோலில் கன்னொருவச் சண்டை

சண்டை விளையாட்டுக்காக வாங்கிய பொம்மைச் சிப்பாய்களில் 42 பேருக்குப் பெயின்ட் அடித்து முடிந்துவிட்டது. மிச்சம் 18 பேர் பெயின்ட் இல்லாமல் பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கிறார்கள். ஆனாலும் பொறுக்க முடியாமல் போன ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மகனைக் கூப்பிட்டு முதல் சண்டையைப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

பொம்மைகள் புறக்கோட்டையில் பை பையாக விற்கிற பச்சை, மண்ணிறப் பிளாஸ்டிக் ஆட்கள்தான். அடிமட்டம் வைத்து அளந்தேன், ஐந்து சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் மேல். இந்தப் பொழுதுபோக்கில் 54 மில்லிமீற்றர் என்பது பழைய அளவு. 1893இல் வில்லியம் பிரிட்டன் கம்பனி உள்ளே கோறையாக வார்த்த ஈயச் சிப்பாய்களை விற்கத் தொடங்கிய காலத்திலிருந்து வருவது. இப்போது பலர் 28 மில்லிமீற்றரில் ஆடுகிறார்கள். என் கண்ணுக்கு அது சரிவராது. மீசை கீறுவதற்கு முகம் வேண்டும்.

பெயின்ட் கதை கொஞ்சம் சோகம். பையிலிருந்து எடுத்தபடியே அடித்த முதல் பத்துப் பேருக்கும் துப்பாக்கி முனையில் பெயின்ட் தோலாக உரிந்து வந்தது. இந்த மெத்தென்ற பிளாஸ்டிக்கில் எண்ணெய்ப் பிடிப்பு இருக்கும். பாத்திரம் கழுவும் திரவத்தில் ஊற வைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்க்க வேண்டும். அடுத்த தொகுதியைத் தேய்த்துக் காயவைத்து, மொட்டை மாடியில் சாம்பல் நிற ஸ்பிரே அடித்தேன். மழைக்கு மூட்டமான பின்னேரம். காற்றில் ஈரம் நிறைய. காய்ந்ததும் பார்த்தால் எல்லார் முதுகிலும் சீனி தூவினமாதிரிச் சொரசொரப்பு. இப்போது காலை பத்து மணி வெயிலில் மட்டும்தான் ஸ்பிரே. வளைந்த துப்பாக்கிகளைச் சுடுதண்ணீரில் முக்கி, நேராக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டால் அப்படியே நிற்கின்றன.

அம்மாவுக்கு இதில் விருப்பமில்லை. “வீட்டுக்க ஆமியைக் கொண்டுவந்து நிரப்பாத மோனே, பார்த்தது காணும்” என்றார். அதனால்தான் கிட்டிய காலச் சண்டை எதையும் தொடவில்லை. 1638இல் கண்டிக்குப் பக்கத்தில் நடந்த கன்னொருவச் சண்டையை எடுத்தேன். கண்டிக்குள் நுழைந்த போர்த்துக்கீசர் ஊரில் ஆளில்லாததைக் கண்டு, எரித்துவிட்டுத் திரும்புகிறார்கள். வழியில் இரண்டாம் இராஜசிங்கனின் படை வளைத்துக்கொள்கிறது. என் போர்த்துக்கீசருக்கு ஹெல்மெட்டும் பைனாகுலரும் இருக்கின்றன. பைனாகுலர்காரன்தான் தளபதி தியோகோ த மெலோ. ரேடியோக்காரனை என்ன செய்வதென்று தெரியாமல் மேளகாரனாக்கிவிட்டேன்.

முதலில் சாப்பாட்டு மேசையில் வைத்தோம். ஆறடி நீளம். பொம்மைச் சிப்பாய்ச் சண்டைக்கு எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் 1913இல் எழுதிய விதிப்படி காலாள் ஒரு முறைக்கு ஒரு அடி, குதிரை இரண்டு அடி. ஆறு முறையில் மேசை முடிந்துவிடும். நிலத்தைப் பார்த்தேன். எங்கள் பழைய தொடர்மாடியில் தரைக்கல் ஒவ்வொன்றும் சரியாக ஒரு அடிச் சதுரம். இதைவிட என்ன வேண்டும்? அளவுநாடாவே தேவைப்படவில்லை. பீரங்கி நகர ஆறு அங்குலத்துக்குள் நான்கு பேர் நிற்க வேண்டும் என்பது அரைக் கல் கணக்காகிவிட்டது.

வெல்ஸ் ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியால் உண்மையாகவே சுட்டு வீழ்த்தினார். எங்களிடம் போளைதான். பீரங்கி நிற்கும் இடத்திலிருந்து விரலால் சுண்ட வேண்டும், விழுந்தவன் செத்தான். 20 போர்த்துக்கீசர் பல்கனிக் கதவிலிருந்து குசினி வாசல்வரை 14 கல் போக வேண்டும். இரண்டு பக்கமும் குஷன் மலைகள், பாதையில் இருவர்தான் பக்கத்தில் பக்கத்தில் போகலாம். மருமகன் சுண்டிய ஒரே போளை வரிசை நெடுக ஓடி ஐந்து பேரைச் சாய்த்தது. அதில் ஒருவன் போளை படாமல் பக்கத்து ஆள் விழுந்து தள்ளி விழுந்தவன். “மாமா, விழுந்தா விழுந்ததுதான்!” கால் மணித்தியாலம் வாய்த்தர்க்கம். கடைசியில் டைஸ் போட்டோம், இரட்டை விழுந்தது, அவன் எழும்பினான்.

பன்னிரண்டாவது முறையில் மூன்று பேர் மிஞ்சினார்கள். தளபதி குசினிக்கு இரண்டு கல் முன்னால் விழுந்தான்.

ஆட்கள் பாரமில்லாமல் இருப்பதும் இப்படிச் சரிவதற்கு ஒரு காரணம். பழைய சோனகத் தெருவில் பெரிய வாஷர் வாங்கி அடியில் ஒட்டப் போகிறேன். படைக்கு யானை வேண்டுமென்று மிருகப் பொம்மைப் பை ஒன்று வாங்கினேன். யானையும் ஆடும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. போளை இன்னும் பிரிட்ஜுக்கு அடியில்.