புதன் மாலைகள்: ஆய்வு மாணவர் சந்திப்புக் குறிப்பேடு

ஆகஸ்ட் 8, வெள்ளி

இந்தப் பருவத்துக்குப் பெரிய விழா வேண்டாம். ஆய்வு மாணவர்கள் ஒருவரோடொருவர் பழக வாரம் ஒரு மாலை, ஒரே அறை, 5.30 முதல் 7 வரை. காரணம் மணிக்கணக்கு. அறிமுகமானவர் ஓரளவுக்கு நண்பராகவே சுமார் 50 மணி நேரம் சேர்ந்து பழக வேண்டும், நெருங்கிய நண்பராக 200 மணிக்கும் மேல் என்கிறது அமெரிக்கத் தகவல்தொடர்பியல் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வு. ஒரு வரவேற்பு விழாவில் கிடைப்பது மூன்று மணி. 14 வாரம் தவறாமல் வந்தால் 21 மணி. அதுவும் 50 ஆகாதுதான். ஆனால் முகம் பழகிவிட்டால் மீதி நேரத்தை அவர்களே தேடிக்கொள்வார்கள்.

ஆகஸ்ட் 13, புதன்

அழைப்பில் நான்கு விஷயம் கட்டாயம்: எப்போது முடியும், தனியாக வரலாமா, துணையையும் குழந்தையையும் கூட்டி வரலாமா, வாசலில் யார் நிற்பார். குழந்தையைக் கூப்பிடப் போக வேண்டியவர்கள் முடியும் நேரம் தெரியாத கூட்டத்துக்கு வரவே மாட்டார்கள். ஆய்வகத்தில் சோதனையைப் பாதியில் விட்டு வருபவர்களும் அப்படித்தான்.

பொது மின்னஞ்சல் மட்டும் போதாது. துறைக்கு ஒருவர் மேசை மேசையாகப் போய், "புதன்கிழமை நானும் போறேன், சேர்ந்து போலாமா?" என்று கேட்க வேண்டும். ஒரு வாரம் முன்னால் ஒரு நினைவூட்டல், அன்று காலை இன்னொன்று. அதற்கு மேல் அனுப்பினால் தொல்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அறை ஏற்பாடு. இலவசக் கூட்டத்துக்கு 60 பேர் பெயர் கொடுத்தால் 40 பேருக்குத் தயாரானால் போதும். பெரிய கூடம் கிடைத்தாலும் எடுக்கக்கூடாது. அதில் 40 பேர் உட்கார்ந்தால் ஆளே வராதது போலத் தெரியும்.

மேசைக்கு நான்கு நாற்காலி. ஐந்தாமவர் வந்ததும் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது, ஓரத்தில் இருப்பவர் எதிலும் சேராமல் தவிக்கிறார். பத்து மேசை போட்டு, மிச்ச நாற்காலிகளைக் கண்ணில் படாமல் எடுத்து வைக்க வேண்டும். சுவரோரம் ஒன்று கிடந்தாலும் கூச்சமுள்ளவர் அங்கேதான் போய் உட்காருவார். தேநீரும் சிற்றுண்டியும் வாசலுக்கு எதிர்க் கோடியில். வாசலருகே வைத்தால் அங்கேயே நெரிசல், எடுத்துக்கொண்டு அப்படியே கிளம்பிவிடவும் வசதி.

பெயர் அட்டையில் தடித்த பேனாவால் பெயர் மட்டும். எந்த ஆண்டு, ஆய்வை வழிநடத்தும் நெறியாளர் யார் என்பதெல்லாம் வேண்டாம், அவை ஏற்றத்தாழ்வைக் கொண்டுவருகின்றன. பெயருக்குக் கீழே ஒரு வரி: "இதைப் பற்றிக் கேளுங்கள்." நீச்சல், பழைய வானொலி, மாடித் தோட்டம், எதுவானாலும் சரி.

ஆகஸ்ட் 27, புதன்

எங்கும் நடக்கும் தவறு: ஏற்பாட்டாளர்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டு நிற்பது. வேலையைப் பிரித்துவிட்டால் இது குறையும். ஒருவர் வாசலில், இருவர் அறைக்குள் நடந்தபடி. புதிதாக வந்தவரை ஒரு மேசைக்கு அழைத்துப்போய், "இவங்களும் நீச்சல் கத்துக்கறாங்க" என்று பேச்சுக்கு ஒரு தொடக்கம் கொடுத்து, ஒரு நிமிடம் நின்றுவிட்டு நகர வேண்டும். நகராமல் நின்றால் பேச்சு நம்மைச் சுற்றியே ஓடும்.

செப்டம்பர் 10, புதன்

விளையாட்டுகளில் முதலிடம் படத்துண்டுப் புதிருக்கு (ஜிக்சா), 300 முதல் 500 துண்டு வரை. மேசைமேல் கண்ணும் கையும் இருப்பதால் எதிரே இருப்பவரை நேராகப் பார்த்தே பேச வேண்டிய கட்டாயம் இல்லை. "அந்த நீலத் துண்டு உங்க பக்கம் இருக்கா?" என்பதே முதல் வாக்கியமாகிவிடுகிறது. பேச்சு நின்றாலும் யாருக்கும் சங்கடமில்லை. எந்த நேரத்திலும் வந்து சேரலாம், எழுந்து போகலாம். விதி விளக்கவே இருபது நிமிடம் பிடிக்கும் பலகை விளையாட்டில் பிந்தி வருபவருக்கு இடமே இல்லை.

செப்டம்பர் 24, புதன்

"ஆய்வேடு எப்போ முடியும்?" இந்தக் கேள்வி இங்கே வேண்டாம். தேநீர்க் கோப்பையோடு சிரித்துக்கொண்டிருந்தவரின் முகம் அந்த ஒரு நொடியில் சுருங்கிவிடும், அடுத்த வாரம் அந்த நாற்காலி காலி. வாசலில் ஒரு சிறு தாளில் எழுதி ஒட்டினால் பலருக்கு நிம்மதி. நெறியாளர்களுக்கு வேறு நாளில் வேறு கூட்டம் வைக்கலாம், புதன் மாலை மாணவர்களுக்கு மட்டும்.

அக்டோபர் 8, புதன்

வகுப்புகள் முடிந்த மூத்த மாணவர்களே அதிகம் தனித்துப்போகிறார்கள். விளையாட்டு மாலைக்கு வருவது அவர்களுக்குக் குற்ற உணர்ச்சி. அவர்களுக்குச் சேர்ந்து எழுதும் அமர்வு: 25 நிமிடம் எழுத்து, 5 நிமிடம் இடைவெளி, இப்படி மூன்று சுற்று. தொடங்கும்போது இன்று எதை எழுதப்போகிறோம் என்று ஆளுக்கு ஒரு வரி சொன்னால் போதும். அந்த ஐந்து நிமிட இடைவெளிகளில்தான் நட்பு முளைக்கிறது, அதனால் அவற்றை எழுத்து விழுங்கிவிடாமல் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நவம்பர் 5, புதன்

மொத்தத் தலையெண்ணிக்கை ஏமாற்றும். மூன்றாவது முறையாக வந்தவர் எத்தனை பேர் என்பதுதான் பார்க்க வேண்டிய எண். அது ஏறாவிட்டால் சிற்றுண்டியைக் கூட்டிப் பயனில்லை, வாசலில் நிற்பவரையும் மேசை அமைப்பையும்தான் மாற்றிப் பார்க்க வேண்டும்.

அடுத்த குழுவுக்கான குறிப்பேட்டில் ஒவ்வொரு புதனுக்கும் ஒரு வரி: வந்தவர், புதியவர், மூன்றாம் முறை வந்தவர், மீந்த சிற்றுண்டி. பின் அட்டையில் அறைச் சாவி யாரிடம், முன்பதிவு எத்தனை நாள் முன்னால், புதிரில் எந்தத் துண்டு தொலைந்தது. கைமாற்றுவதற்கு முன் இரண்டு புதன்கிழமைகள் பழைய குழுவும் புதிய குழுவும் சேர்ந்தே நடத்த வேண்டும்.