ஸ்குரு எண்ணுகிறவன்

என்னிடம் ஒரு ரிவால்வர்கூட இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழைய டார்கெட் ரிவால்வர்தான் என் பொழுதுபோக்கு என்று அலுவலகத்தில் ஒருநாள் வாய்தவறிச் சொல்லி, அன்று முழுக்க ஆளாளுக்கு என்னை ஒருமாதிரி பார்த்தார்கள். நம் மலேசியாவில் 1960 ஆயுதச் சட்டம் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி மட்டுமல்ல, ஒரு தோட்டாகூட வைத்திருக்க முடியாது, அசல் போலவே இருக்கிற போலிக்கும் அதே சட்டத்தில் இடம் உண்டு. அதனால் நான் சேர்ப்பது காகிதம்தான். பழைய கேட்டலாக், விளம்பரத் தாள், காலிப் பெட்டி. பினாங்கில் ஞாயிறு காலை லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைப் பக்கம் போனால் மற்றவர்கள் கடிகாரமும் பழைய காசும் பார்ப்பார்கள், நான் பழைய ஆங்கிலப் பத்திரிகைக் கட்டுகளின் முன்னால் குந்தியிருப்பேன்.

எல்லாம் ஸ்மித் அண்ட் வெசன் என்ற அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனியின் கே-22 என்ற ஒரே ஒரு வகையில் ஆரம்பித்தது. ஆறு அங்குலக் குழல், .22 தோட்டா, அட்டையில் ஓட்டை போடுவதைத் தவிர பெரிதாக வேறு வேலை இல்லாத துப்பாக்கி. 1931-ல் அவுட்டோர்ஸ்மன் என்ற பெயரில் வந்தது. 1940-ல் திருத்திய ரியர் சைட்டோடு (குறிபார்க்கிற பின்பக்கத் துண்டு) மாஸ்டர்பீஸ் என்று ஆயிரத்துச் சொச்சம் செய்தார்கள், அதற்குள் போர் வந்து எல்லாம் நின்றுவிட்டது. இன்றைக்கு அந்த ஆயிரத்துக்குத்தான் அடிதடி. போர் முடிந்து 1946-ல் மறுபடி தொடங்கியபோது வரிசை எண்ணுக்கு முன்னால் கே என்ற எழுத்து சேர்ந்தது. அப்புறம் .32, .38 அளவுகளிலும் கே-32, கே-38 என்று அண்ணன் தம்பிகள் வந்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. குழலின் வெளி அளவு ஒன்றாக இருந்து உள்துளை மட்டும் பெரிதானால் இரும்பு குறையும், எடையும் குறையும். போட்டியில் சுடுகிறவன் .22-ஐ வைத்துவிட்டு .38-ஐ எடுத்தால் கை தடுமாறும். அதனால் குழலின் மேல் ஓடுகிற பட்டையின் அகலத்தைக் கூட்டிக் குறைத்து, தோட்டா போட்ட நிலையில் மூன்றும் 38½ அவுன்ஸ் வருகிற மாதிரி செய்தார்கள். ஒன்றேகால் கிலோகூட வராத ஒரு பொருளுக்கு இவ்வளவு மெனக்கெட்டவர்களை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் சேகரிப்பவர்கள் அதைவிட ஸ்குருவைப் பற்றித்தான் பேசுவார்கள். பழையதில் ஐந்து ஸ்குரு. உள் இயந்திரத்தை மூடுகிற பக்கத் தகட்டில் நான்கு, விசையைச் சுற்றியிருக்கிற வளையமான ட்ரிகர் கார்டுக்கு முன்னால் ஒன்று. 1955 வாக்கில் தகட்டின் மேல்மூலையில் இருந்தது போனது, 1961 வாக்கில் முன்னால் இருந்ததும் போனது. செலவு மிச்சம், வேறென்ன. கம்பெனி தேவையில்லை என்று எடுத்துப் போட்ட ஸ்குருவுக்காகத்தான் இன்றைக்கு ஆட்கள் கூடுதல் டாலர் கொடுக்கிறார்கள், இதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும், ஆனால் நானும் எண்ணாமல் விடமாட்டேன்.

அசலை நான் தொட்டது ஒரே தடவை, அத்தை மகன் அமெரிக்காவில் இருக்கிறான், அவன் வீட்டுச் சமையலறை மேசையில். சிலிண்டரைத் திறந்து காலி என்று எனக்குக் காட்டிவிட்டு கையில் கொடுத்தான். நான் உடனே ஸ்குரு எண்ணினேன், நான்குதான் வந்தது. "என்ன மச்சான், ஐஞ்சுன்னு சொன்ன?" என்றேன். ஒன்றும் பேசாமல் மரக் கைப்பிடியைக் கழற்றினான். ஐந்தாவது அதற்கு அடியில் இருந்தது. பத்து வருடம் படம் பார்த்துப் படித்தவனுக்கு இது தெரியவில்லை. அப்புறம் கழற்றிய வலப்பக்க மரத்தைத் திருப்பிக் காட்டினான், உள்ளே மங்கலாக எண் குத்தியிருந்தது. கைப்பிடியின் அடிப்பாகத்து இரும்பிலும் அதே எண், சிலிண்டரின் பின்முகத்திலும் அதேதான், அதாவது பாகங்கள் மாறவில்லை. சிலிண்டர் தாங்கி விலகும் இடத்தில் மாடல் எண் இல்லை, அப்படியென்றால் 1957-க்கு முந்தியது, ஏனென்றால் மாடல் 17 என்ற பெயரே அந்த வருடம்தான் வந்தது. மேலே கருநீலம் அப்படியே இருந்தது, குழல் முனையில் மட்டும் உறையில் உரசித் தேய்ந்த வெள்ளை. அந்தத் தேய்மானம் இருக்கட்டும். மறுபடி பாலிஷ் போட்டுச் சாயம் ஏற்றியது தூரத்தில் பளபளக்கும், கிட்டே போனால் எழுத்தின் ஓரமெல்லாம் மழுங்கி, ஸ்குருத் துளையைச் சுற்றிக் குழி விழுந்திருக்கும். எனக்கு அது ஆகாது.

இவ்வளவு தெரிந்த நான் பெட்டியில் ஏமாந்த கதையும் இருக்கிறது. 1948-ல் வந்த அசல் பெட்டி என்று வெளிநாட்டில் ஒருவர் விற்றார், மூடியின் படம் மட்டும் போட்டிருந்தார், இருநூறு ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்து வாங்கினேன். வந்ததும் பக்கவாட்டு லேபிளைப் பார்த்தால் மாடல் 17 என்று கொட்டை எழுத்தில். பணம் அனுப்புவதற்கு முன் அந்தப் பக்கத்தையும் ஒரு படம் கேட்டிருந்தால் முடிந்த விஷயம். இப்போது அதில் மனைவி ஊசி, நூல், பட்டன் போட்டு வைத்திருக்கிறாள். சரியான அளவு என்கிறாள்.

போன வாரம் மச்சான் புதிதாக வாங்கிய கே-38-இன் படங்களை அனுப்பினான். பட்டை அகலம், ஸ்குரு, எல்லாம் பொருந்துகிறது. கைப்பிடி மரம்தான் நிறத்தில் கொஞ்சம் இடிக்கிறது. வலப்பக்கத்தைக் கழற்றி உள்ளே இருக்கிற எண்ணைப் படம் எடுத்து அனுப்பு என்றேன். சரியான அளவு ஸ்குரு டிரைவர் கையில் இல்லையாம். இல்லையென்றால் தொடாதே, தலையின் வெட்டு பிய்ந்துவிடும் என்று பதில் போட்டேன். அந்த எண்ணை இன்னும் பார்க்கவில்லை.