பதிவேட்டிலிருந்து தொடங்குவோம்

எங்கள் மருத்துவமனையின் 150ஆவது ஆண்டு விழாக் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். நேற்று முதல் கூட்டம். மேடை, அழைப்பிதழ், சிறப்பு விருந்தினர் என்றே ஒரு மணி நேரம் போனது. பிறகு பழைய பிரசவப் பதிவேட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்கள். அட்டை நைந்து, மை பழுப்பேறியிருந்தது. "தாயும் சேயும் நலம்" என்ற வரிக்குக் கீழே ஒரு செவிலியின் சாய்ந்த கையெழுத்து. அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம்.

லண்டன் செயின்ட் பார்தலோமியூ மருத்துவமனை 1123இல் தொடங்கப்பட்டது. 2023இல், அதே இடத்தில் இயங்கிக்கொண்டே 900 ஆண்டு நிறைவைக் கொண்டாடியது. ஓவியர் வில்லியம் ஹோகார்த் பணம் வாங்காமல் வரைந்து கொடுத்த பெரிய ஓவியங்கள் இன்றும் அதன் படிக்கட்டில் இருக்கின்றன. காப்பாற்றி வைத்ததால்தானே இருக்கின்றன!

முதல் செலவு எங்கள் பழைய பதிவேடுகளைச் செப்பனிடுவதற்கே இருக்க வேண்டும் என்று குழுவிடம் கேட்டிருக்கிறேன். நோயாளிகளின் பெயர்களைக் கண்காட்சியில் மறைத்தே வைக்க வேண்டும். வார்டுகளின் பக்கம் ஒலிபெருக்கி கூடவே கூடாது. முன்வரிசை ஓய்வுபெற்ற ஆயாக்களுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும். இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. அவர்களின் நினைவுகளை இந்த மாதமே ஒலிப்பதிவு செய்யத் தொடங்குகிறோம்.

இங்கே வேலை பார்த்தவர்களின் பழைய படங்கள் யாரிடமாவது இருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள். நகல் எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.