கணக்குத் தாளை அலட்சியம் செய்யாதீர்கள்

"அக்கா, அட்டர்னி தேர்வில் எந்தத் தாள் கடினம்?" தென்னாப்பிரிக்காவின் ஸ்டாங்கரில் சட்டம் படிக்கும் தம்பி தங்கைகள் என்னைப் பார்த்ததும் கேட்பது இதைத்தான். வக்கீலாகப் பதிவு பெற எழுதும் இந்தத் தேர்வில் நீதிமன்ற நடைமுறை, இறந்தவர் சொத்து நிர்வாகம், தொழில் ஒழுங்கு, கணக்கு எனத் தாள்கள் நான்கு. எல்லோரும் முதல் தாளுக்கே அஞ்சுகிறார்கள். நான் தோற்றது கணக்கில். 50 சதவீதம் வேண்டும். எனக்குக் கிடைத்தது 38.

எங்கே தவறினேன் என்பது இன்றும் நினைவில் இருக்கிறது. கேள்வியில், கட்சிக்காரர் ஒருவரின் பெயரில் டிரஸ்ட் கணக்கில், அதாவது கட்சிக்காரர்களின் பணத்தை அலுவலகம் தனியாக வைத்திருக்கும் வங்கிக் கணக்கில், 2,400 ராண்ட் இருந்தது. அவருக்காக ஒரு மருத்துவ நிபுணருக்கு 3,000 ராண்ட் கட்ட வேண்டும். முழுத் தொகையையும் டிரஸ்டிலிருந்தே கொடுத்ததாக எழுதிவிட்டேன். வங்கியில்தான் பணம் இருக்கிறதே என்ற நினைப்பு. ஆனால் அந்த 600 ராண்ட் வேறு யாருடைய பணமோ! அலுவலகத்தின் சொந்தக் கணக்கிலிருந்து 3,000 கட்டிவிட்டு, டிரஸ்டிலிருந்து 2,400 மட்டும் மாற்றியிருக்க வேண்டும். மீதியைக் கட்சிக்காரர் தர வேண்டிய பாக்கியாகக் காட்டியிருக்க வேண்டும்.

நான் ஆர்ட்டிக்கிள்ஸ் (வக்கீல் ஆவதற்கான பயிற்சி) செய்த அலுவலகத்தின் மூத்தவர், ஒரு சிற்றூரில் வார்டு கவுன்சிலராகத் தொடங்கி மேயரானவர். பதவிக்காலம் முடிந்ததும் மறுபடி வழக்குக் கட்டுகளோடு வந்து உட்கார்ந்தார். மாமா என்றுதான் அழைப்போம். மதிப்பெண்ணைச் சொன்னதும் அவர் பேசவில்லை. நகராட்சியின் பழைய பட்ஜெட் புத்தகத்தைக் கொண்டுவந்து, குடிநீர்க் குழாய்க்கான மானிய வரியில் விரலை வைத்தார். "இதை எடுத்துச் சம்பளம் கொடுக்கலாமா?" என்றார். "கூடாது மாமா" என்றேன். "பிறகு 600 ராண்டை மட்டும் ஏன் எடுத்தாய்?"

அன்றுதான் எனக்கு உறைத்தது. நிபந்தனையோடு வரும் மானியத்தை அதற்குரிய வேலைக்குத்தான் செலவிட வேண்டும். டிரஸ்ட் பணமும் அப்படியே. வக்கீல் தொழிலிலிருந்து மேயர் நாற்காலிக்குப் போக நினைப்பவர்களுக்கு இந்தத் தாளைவிட நல்ல பயிற்சி கிடையாது என்று உறுதியாக நம்புகிறேன். 1924-இல் இங்கே நேட்டாலில் இந்திய வம்சாவளியினரான நம்மவர்களின் நகரசபை வாக்குரிமையையே பறித்தார்கள். அந்த நாற்காலியில் நம் பிள்ளைகள் உட்காரும்போது கணக்குத் தெரிந்து உட்கார வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சில்தான் தேர்ந்தெடுக்கிறது. கவுன்சிலராக இருப்பவர் கட்டணம் வாங்கிக்கொண்டு பிறருக்காகக் கவுன்சில் முன் வாதாடக் கூடாது. முழுநேரப் பதவி என்றால், கவுன்சிலின் அனுமதியில்லாமல் வேறு சம்பள வேலையும் கூடாது. மாமா அந்த ஆண்டுகளில் ஒரு வழக்கையும் தொடவில்லை.

இரண்டாம் முறைக்குப் பழைய வினாத்தாள்கள் பன்னிரண்டை, நேரம் குறித்துக்கொண்டு, அடிக்கோல் வைத்துக் கையால் எழுதினேன். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் 'இது யார் பணம்?' என்று கேட்டுக்கொண்டேன். கட்சிக்காரர்களின் டிரஸ்ட் இருப்புகளைக் கூட்டினால் டிரஸ்ட் வங்கி இருப்போடு ஒத்துப்போக வேண்டும்; இடித்தால் அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள். அந்த முறை 71 வாங்கினேன்.

நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. அதற்கு 90 நாட்களுக்கு முன்பே மேயர் பட்ஜெட்டைக் கவுன்சிலில் வைத்தாக வேண்டும். மார்ச் மாதத்தில் உங்கள் ஊர்க் கவுன்சில் கூட்டம் எந்த நாளில் என்று கேட்டு, ஒரு நோட்டோடு போய்ப் பார்வையாளர் வரிசையில் உட்காருங்கள்.