ஒரு புள்ளி அளவு

வடிவமைப்புப் படிப்பின் மூன்றாம் ஆண்டில் எங்களுக்குக் கொடுத்த முதல் பயிற்சி, சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றி ஒரு சுவரொட்டி செய்வது. 2019 கோடை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என நகரத்துக்குத் தண்ணீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டுபோன ஆண்டு அது. அப்போது நான் பள்ளி மாணவி. லாரி எப்போது வரும் என்று தெரியாததால் இரவிலேயே தெருமுனையில் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு வருவோம். எங்கள் வீட்டுக் குடம் பச்சை நிறம். கழுத்தில் அம்மா ஒரு சிவப்பு நூலைக் கட்டியிருப்பார்.

அந்த வரிசையைத்தான் வரைந்தேன். கருநீலப் பின்னணியில் பிளாஸ்டிக் குடங்கள். ஒவ்வொன்றின் வாய்க்குள்ளும் வெடித்துக் கிடக்கும் ஏரித்தரை. வலது மூலையில் நான்கு ஏரிகளின் பெயர்களும் வெள்ளையில், சிறியதாக, அடக்கமாக. வகுப்பில் புரொஜெக்டரில் போட்டுக் காட்டினேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது. அதைக் காகிதத்தில் அச்சிட்டுப் பார்க்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

பருவம் முடிந்ததும் இரண்டு மாதம் களப்பயிற்சி. விளம்பர நிறுவனங்கள் இரண்டில் இடம் கிடைக்காததால், ராயப்பேட்டையில் ஒரு சின்ன ஆப்செட் அச்சகத்தில் சேர்ந்தேன். முன்னறையில் இரண்டு கணினிகள், உள்ளே ஒற்றை நிற இயந்திரம் ஒன்று, ஓரத்தில் கட்டிங் மெஷின். கணினியில் டிடிபி ஆபரேட்டர் அக்கா. இயந்திரத்தில் ஓர் அண்ணன். முதல் இரண்டு வாரம் பில் புத்தகம், பிட் நோட்டீஸ், விசிட்டிங் கார்டு என்று போனது. அதில் சொல்ல அதிகமில்லை.

மூன்றாம் வாரம் ஒரு நாள் இரவு எட்டு மணி இருக்கும். சகோதரர்கள் இருவர் வந்தார்கள். அன்று மதியம் அவர்களுடைய அம்மா இறந்துவிட்டார். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் விடிவதற்குள் சுவரில் இருக்க வேண்டும். பெரியவர் கையில் வங்கிப் பாஸ்புக்கிலிருந்து கவனமாகப் பிரித்தெடுத்த சின்னப் படம். இளையவர் கையில் ஒரு மருந்துக்கடை பில். அதன் பின்புறம் நெருக்கி நெருக்கி எழுதிய பெயர்கள். மகன்கள், மகள்கள், மருமகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள், ஒரு கொள்ளுப்பேத்தி. மொத்தம் இருபத்து மூன்று.

அக்கா அவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு, "அம்மாவைத் தெருவில் எப்படிக் கூப்பிடுவார்கள்?" என்று கேட்டார். இருவரும் ஒரே குரலில் "இட்லிக்கடை அம்மா" என்றார்கள். ரேஷன் கார்டில் இருக்கும் பெயருக்கு மேலே அந்தப் பெயரையும் போடச் சொன்னார் அக்கா. கார்டில் இருக்கும் பெயரைத் தெருவில் பாதிப்பேருக்குத் தெரியாது என்றார். மூன்று ஆண்டுகளாக 'யாருக்காக வடிவமைக்கிறோம்' என்ற கேள்வியைக் குறிப்பேட்டில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அந்தக் கேள்வியை ஒருவர் இவ்வளவு எளிதாகக் கேட்டு, பதிலையும் வாங்கிக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

பக்கத்தை என்னிடம் விட்டுவிட்டு அவர் வேறொரு அவசர வேலைக்குத் திரும்பினார். நான் வகுப்பில் கற்றபடி செய்தேன். படத்தைச் சுற்றி நிறைய வெற்றிடம் விட்டேன். தோற்றம், மறைவு, இறுதி ஊர்வலம் புறப்படும் நேரம் ஆகியவற்றை மெல்லிய எழுத்தில் வைத்தேன். பெயர்கள் அத்தனையையும் அடியில் ஒரு கறுப்புப் பட்டைக்குள் வெள்ளை எழுத்தாக அடுக்கினேன். பன்னிரண்டு பாயின்ட் அளவு. திரையில் பார்க்க மிக நேர்த்தியாக இருந்தது. பிளேட் போட்டாயிற்று. இயந்திரம் ஓடத் தொடங்கியது.

முதல் சில தாள்களிலேயே அண்ணன் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். ஒரு தாளை விளக்கடியில் விரித்து, லென்ஸை அதன் மேல் வைத்து, "பாரும்மா" என்றார். குனிந்து பார்த்தேன். கறுப்பு மை காகிதத்தில் ஊறிப் பரவி, எழுத்துகளின் மேலிருந்த வெள்ளைப் புள்ளிகளை விழுங்கியிருந்தது. 'அம்மாள்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'அமமாள' என்று இருந்தது. அடுத்த பெயரிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

"சின்ன எழுத்தை ரிவர்ஸில் போட்டால் புள்ளி அடைந்துவிடும்மா," என்றார் அண்ணன். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. சகோதரர்கள் எதிர்ச் சாரியில், பூட்டிய டீக்கடையின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் துக்கத்தில் ஒரு மணி நேரத்தை நான் வீணாக்கிவிட்டேன்.

அக்கா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே அத்தனையையும் மாற்றினார். கறுப்புப் பட்டை போனது. பெயர்கள் வெள்ளையில் கறுப்பாக, தடித்த எழுத்தில், இருமடங்கு பெரிதாக வந்தன. ஊர்வல நேரத்தைப் படத்துக்கு அடுத்த பெரிய எழுத்தாக்கினார். "வண்டியில் போகிறவர் இதை மட்டும்தான் பார்ப்பார். வீட்டு ஆட்கள் முதலில் அவரவர் பெயரைத் தேடுவார்கள். பெயர் விட்டுப்போனாலோ தப்பாகிப்போனாலோ அது பத்து வருஷத்துக்குப் பேச்சாக இருக்கும்." நான் விட்டிருந்த வெற்றிடத்தில் கொள்ளுப்பேத்தியின் பெயர் வந்து உட்கார்ந்தது.

வீட்டுக்குப் போய் என் தண்ணீர்ச் சுவரொட்டியின் கோப்பைத் திறந்தேன். பூண்டியில் ண், சோழவரத்தில் ம், புழலில் ல், செம்பரம்பாக்கத்தில் நான்கு புள்ளிகள். நான்கு ஏரிகளின் பெயரிலும் புள்ளி இருக்கிறது. அளந்து பார்த்தால் ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதுவும் கருநீலம் என்பது ஒரே மை இல்லை. சயான், மெஜந்தா, கறுப்பு மூன்றும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து வருவது. ஒரு மை மயிரிழை விலகினாலும் அந்தப் புள்ளி மூடிக்கொள்ளும். எனக்கு மதிப்பெண் வாங்கித் தந்த அந்தச் சுவரொட்டியை அச்சிட்டிருந்தால், ஏரிகளின் பெயரைக்கூடப் பிழையில்லாமல் சொல்லியிருக்காது.

மறுநாள் காலையில் பஸ்ஸிலிருந்து முன்கூட்டியே இறங்கி அந்தத் தெரு வழியாக நடந்தேன். மைதாப் பசை இன்னும் காயாமல், தாளின் ஓரங்கள் சுருங்கியிருந்தன. கண் சரியாகத் தெரியாத ஒரு தாத்தாவுக்கு, பள்ளிச் சீருடையில் இருந்த சிறுமி ஒருத்தி பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அவர் ஒவ்வொரு பெயருக்கும் தலையசைத்தார். அவள் எங்கும் தடுமாறவில்லை.

மெய்யெழுத்து புள்ளி பெறும் என்பது தொல்காப்பியம் வகுத்த இலக்கணம். ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று சுவடி எழுதியவர்கள் அதை விட்டுவிட்டார்கள் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அவர்களுக்குக் காரணம் இருந்தது. எனக்கு இருந்தது அழகாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை மட்டும்.

அச்சகத்தின் பரணில் ஒரு பெட்டி நிறைய மர எழுத்துகள் இருந்தன. பழைய நாளில் போஸ்டருக்குப் பயன்பட்டவை. அண்ணன் இறக்கிக் கொடுத்தார். உள்ளங்கை அளவு 'க்' ஒன்றைத் துடைத்துப் பார்த்தேன். அதன் புள்ளி ஒரு கொண்டைக்கடலை அளவுக்கு இருந்தது. சின்னதாகச் செதுக்கினால் இரண்டு நாளில் உடைந்துவிடும் என்றார் அண்ணன். 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முந்தைய, யானைத் துதிக்கை போல வளைந்த 'லை'யும் அதில் இருந்தது. அதை விரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் பாடத்திட்டத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அதை வெளிப்படையாகவே சொல்கிறேன். சுவரொட்டி வரலாறு என்று பிரெஞ்சு ஓவியர் துலூஸ் லோத்ரெக் 1891இல் பாரிஸ் சுவர்களுக்குச் செய்ததைப் படித்தோம். பக்கத்தைக் கட்டங்களாகப் பிரித்து எழுத்தையும் படத்தையும் அடுக்கும் சுவிட்சர்லாந்துக்காரர்களின் முறையைப் படித்தோம். படிக்கத்தான் வேண்டும், எனக்கு அவை பிடிக்கும். ஆனால் 1761இல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர்கள் அங்கிருந்த அச்சியந்திரத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள் என்பதும், அது வேப்பேரியில் ஓடியது என்பதும் எனக்கு வகுப்பில் தெரியவரவில்லை. வேப்பேரி எங்கள் வகுப்பறையிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம்.

பத்தடித் தொலைவுக்கு ஓர் அங்குல எழுத்து என்று ஒரு கணக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அது ஆங்கிலத்தின் பெரிய எழுத்தை வைத்துப் போட்ட கணக்கு. 'மெல்' என்பதையும் 'மேல்' என்பதையும் பிரிப்பது கொம்பின் தலையில் ஒரு சுழி. அது எத்தனை அடிக்குத் தெரியும்? 'சீ' மேலே ஏறுகிறது, 'கூ' கீழே இறங்குகிறது. வரிக்கும் வரிக்கும் எவ்வளவு இடம் விடுவது? 'ர' ஒடுங்கி நிற்கும் அதே வரியில் 'ணை' கையை நீட்டிப் படுத்திருக்கிறது. இவை முதலாண்டு முதல் வாரத்திலேயே கையால் வரைந்து பழக வேண்டியவை. எங்களுக்குத் தமிழ் எழுத்து மூன்றாண்டில் ஒரே ஒரு வாரம்தான் வந்தது. அந்த வாரத்திலும் பாதி நாள், மென்பொருளில் கொம்பும் காலும் இடம் மாறி 'கொ' உடைந்து வருவதைச் சரிசெய்வதிலேயே போய்விட்டது. மென்பொருளின் அமைப்புகளில் இந்திய மொழிகளுக்கான எழுத்துக்கோப்பு முறையைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்று பிறகு அக்காதான் காட்டினார்.

இப்போது இறுதியாண்டு. பெயர்ப் பட்டியல்களுக்கென்றே அகலம் குறைந்த, தடித்த ஓர் எழுத்துருவை வரைந்துகொண்டிருக்கிறேன். நீளமான பெயர்களும் முதலெழுத்துகளும் ஒரே வரியில் அடங்க வேண்டும், புள்ளி எந்தக் காகிதத்திலும் அடையக் கூடாது. 'ஞ' மட்டும் இன்னும் வழிக்கு வரவில்லை; ஒடுக்கினால் வயிறு மூடிக்கொள்கிறது. சனிக்கிழமைகளில் அச்சகத்துக்குப் போகிறேன். பில் புத்தகத் தாள்களில் வெட்டி எறியும் ஓரத்தில், அக்கா எனக்காக ஒரு வரி இடம் ஒதுக்கித் தருகிறார். போன வாரம் அதில் ஏழு அளவுகளில் 'ம்' அச்சிட்டோம், கறுப்பில் வெள்ளையாக. நான்காவதிலிருந்து புள்ளி திறந்திருந்தது. அண்ணன் அந்த ஓரத்தை வெட்டி, தேதி எழுதி, லென்ஸோடு சேர்த்து என்னிடம் கொடுத்தார்.